கொசுவுக்குத் தாய் வீடு

வா மருமவனே, உக்காரு. என்ன, ரெண்டு காலையும் மாத்தி மாத்தி அடிச்சுக்கிடுதே? கொசுவா? வழியெல்லாம் சாக்கடையைத் திட்டிக்கிட்டே வந்திருப்பியே! பாவம், சாக்கடை. அதுல பிறக்குற கொசு வேற. ராத்திரி வந்து காதுல பாடிட்டுக் கடிக்கும். ஆனைக்கால் குடுத்த பரம்பரை அது. பட்டப்பகல்ல உன் கணுக்காலைப் பதம் பாக்குறவ கறுப்பு உடம்புல வெள்ளை வரி போட்ட சீமாட்டி, டெங்குக்காரி. அவ சாக்கடையைத் தேடிப் போக மாட்டா. உன்னை மாதிரியே அவளுக்கும் நல்ல தண்ணி வேணும்.

நம்ம கரிசக்காட்டுல குழாய்த் தண்ணி எட்டு நாளைக்கு ஒரு தடவை. நீயும் குடம், அண்டா, ட்ரம்முன்னு ஒண்ணு விடாம ரொப்பி வைக்கே. தப்புங்கல. ஆனா முட்டை பொரிஞ்சு, புழுவாகி, றெக்கை முளைச்சுப் பறக்க இந்த வெக்கையில ஏழெட்டு நாள் போதும். அடுத்த தண்ணி வாரதுக்குள்ள பிள்ளைக எல்லாம் பறந்துருது. தண்ணி விடுதவன் அவ ஜாதகத்தைப் பாத்துத்தான் நாள் குறிச்சானோ என்னவோ!

மழைதான் கொசுவைக் கொண்டாருதும்பே. ஐப்பசி மழையில கொட்டாங்கச்சி, பழைய டயரு, கொல்லையில கிடக்க ஆட்டுக்கல்லு எல்லாமே தொட்டில்தான், ஒத்துக்கிடுதேன். மழை பொய்ச்ச வருசமும் காய்ச்சல் வருதே, அது எப்படி? பஞ்சம்னாத்தான நீ இன்னும் நாலு ட்ரம்மு வாங்குதே!

பக்கத்து ஊருக் கொசுன்னு பழி போடாதே. அவ ரெண்டு மூணு தெரு தாண்டிப் பறந்தாலே பெருசு. உன்னைக் கடிக்கவ உன் வீட்டுப் பிள்ளையாத்தான் இருப்பா.

தண்ணியைக் கவுத்துட்டேன்னு மாரைத் தட்டாதே. தண்ணி மட்டத்துக்குச் சித்த மேல, ஈரச் சுவத்துல கறுப்பா, கடுகைவிடப் பொடிசா முட்டையை ஒட்டி வச்சிருப்பா. காஞ்சாலும் மாசக்கணக்குல உசிரோட கிடக்கும். நீ மறுபடி ரொப்பினதும் பொரியும். புகை அடிக்க வண்டி வந்தாலும் பறக்குறதுதான் சாகும். ட்ரம்முக்குள்ள தலைகீழாத் தொங்குறதுக்கு ஒண்ணும் ஆகாது.

அதனால வாரத்துக்கு ஒருநாள் தண்ணியைக் காலி பண்ணி, தேங்கா நாரால உள்சுவத்தைத் தேய். வாயைத் துணியால இறுக்கிக் கட்டு. ட்ரம்மு வாயைச் சொன்னேன். உன் வாயைக் கட்ட என் தங்கச்சியாலயே முடியல.

அப்படியே ஃபிரிட்ஜுக்குப் பின்னால இருக்க தட்டையும் இழுத்துப் பாரு. போன வாரம் மோரு குடிக்க வந்தப்ப நான் எட்டிப் பாத்தேன். நெளியுது மருமவனே!