வாட்டம் எந்தப் பக்கம்?

கொல்லையில் பாதை போடுகிறவன் நடப்பதற்காகத்தான் போடுகிறான் என்று நினைப்பவர்கள் யாரும் பாதை போட்டதில்லை. நடக்க மண்ணே போதும். பாதை தேவைப்படுவது, ஞாயிற்றுக்கிழமை காலையில் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு யோசனையாக நிற்பதற்கு. அப்படி நிற்கிறவனை யாரும் ரேஷன் கடைக்கு அனுப்புவதில்லை.

எங்கள் ஊர் காவிரிப் படுகைக் களிமண். சமையலறைப் படியிலிருந்து துணி துவைக்கிற கல் வரை முப்பதடி இருக்கலாம். ஐப்பசி அடைமழையில் அந்த முப்பதடியைக் கடந்தால் கால் வந்து சேரும், செருப்பு வராது. சித்திரையில் அதே மண் பாளம்பாளமாக வெடித்துக் கிடக்கும். மழைக்கு உப்பி வெயிலுக்குச் சுருங்குகிற இந்த மண்மேல் செங்கல்லை அப்படியே பரப்பினால், தை மாதத்தில் மட்டமாக இருந்த வரிசையில் கார்த்திகைக்குள் ஒவ்வொரு கல்லும் தனிக்கட்சி ஆரம்பித்துவிடும். அரையடி தோண்டி, சரளை கொட்டி, திமிசுக் கட்டையால் இடித்து, மேலே மணல் விரித்த பிறகுதான் கல்லையே தொட வேண்டும். யூடியூபில் இந்த இடிக்கிற காட்சி மட்டும் வேகமாக ஓடும், பின்னணியில் புல்லாங்குழல் கேட்கும். திமிசு பிடித்தவனுக்கு மறுநாள் காபி டம்ளரைத் தூக்குவதே பெரும்பாடு.

மதிலுக்கு அந்தப் பக்கம் ஓய்வுபெற்ற ஓவர்சியர் ஒருவர் இருக்கிறார். காலை வணக்கத்துக்குப் பதிலாக அவர் கேட்பது ஒரே கேள்வி: “தம்பி, வாட்டம் எந்தப் பக்கம்?” அடிக்குக் கால் அங்குலம் சரிவு, மூன்றடி அகலத்துக்கு முக்கால் அங்குலம், அதுவும் வீட்டுக்கு எதிர்ப்பக்கமாக, வாழைப் பாத்தியைப் பார்த்து. பிளாஸ்டிக் டியூபில் தண்ணீர் நிரப்பி ஒரு முனையை என் கையில் கொடுத்து, மறுமுனையோடு மதிலோரம் உட்கார்ந்துவிடுவார். கோடி கோடியாகக் கொட்டிப் போட்ட சாலைகளில் இல்லாத வாட்டம் எங்கள் கொல்லையில் இருக்கிறது. மழைத் தண்ணீர் வாழைக்குத்தான் போகிறது. இதில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

வாட்டத்தை அவர் பார்த்துக்கொண்டதால், வடிவம் என் இலாகா ஆயிற்று. நேராகப் போனால் அது பாதையா, வாய்க்காலா? மாமரத்தைச் சுற்றி ஒரு வளைவு கொடுத்தேன். பார்த்த என் மனைவி ரொம்ப மரியாதையாகத்தான் கேட்டாள்: “ஏங்க, வளைஞ்சு போனாலும் அதே துவைக்கிற கல்தானே வரும்?” அன்றிலிருந்து அவளும் என் அம்மாவும் பாத்திரம் தேய்க்க வருகிற அக்காவும் பக்கத்து வீட்டுப் பூனையும் புல்லுக்கு நடுவே நேராக நடந்து ஓர் ஒற்றையடித் தடத்தை உண்டாக்கிவிட்டார்கள். சரளையும் இல்லை, திமிசும் இல்லை; அருமையான தடம்.

இந்த வழக்கு ஜப்பானில் எப்போதோ நடந்து முடிந்திருக்கிறது. தேநீர்க் குடிலுக்குப் போகிற வழியில் பதிக்கும் கற்களைப் பற்றி, பதினாறாம் நூற்றாண்டுத் தேநீர் ஆசான் சென் நோ ரிக்யூ, ஆறு பங்கு நடக்க, நாலு பங்கு பார்க்க என்று கணக்கு வைத்ததாகச் சொல்வார்கள். அவருடைய சீடர் ஃபுருதா ஒரிபே அதைத் தலைகீழாக்கி, பார்க்கத்தான் ஆறு பங்கு என்றாராம். நான் ஒரிபே கட்சி. வீட்டில் மற்ற எல்லாரும் பத்துக்குப் பத்தும் நடக்கத்தான் என்கிறார்கள். ரிக்யூவே வந்தாலும் இங்கே தோற்றுப்போவார்.

அதே தோட்டங்களில் இன்னொரு வழக்கம் உண்டு. கைக்கு அடக்கமான ஒரு கல்லைக் கறுப்புக் கயிற்றால் குறுக்கும் நெடுக்கும் கட்டி வழியில் வைத்தால், ‘இந்தப் பக்கம் வராதீர்கள்’ என்று அர்த்தம். விருந்தாளி பேசாமல் திரும்பிவிடுவார். நானும் ஒன்று கட்டி ஒற்றையடித் தடத்தின் நடுவில் வைத்தேன். மறுநாள் அதன் நெற்றியில் குங்குமம் இருந்தது. “திருஷ்டிக்குத்தானே சார்? கூடவே ஒரு எலுமிச்சம்பழமும் வெச்சிடுங்க” என்றார் அக்கா. வெள்ளிக்கிழமை அம்மா இரண்டு செம்பருத்தி வைத்தாள். இப்போது எல்லாரும் கல்லைத் தாண்டும்போது கன்னத்தில் போட்டுக்கொண்டு அதே தடத்தில்தான் போகிறார்கள்.

மக்கள் தீர்ப்பை மதித்து, கல்லை மட்டும் ஓரமாக நகர்த்திவிட்டு, தடத்தின் மேலேயே கடப்பாக் கல் துண்டுகளைப் பதித்தேன். சமையல் மேடை அறுத்ததில் மிஞ்சியவை. மழையில் வழுக்காமலிருக்கச் சொரசொரப்பான பக்கம் மேலே. இடைவெளியில்தான் தகராறு வந்தது. என் நடைக்கு இரண்டடிக்கு ஒரு கல் சரி. புடவை கட்டி இடுப்பில் ஈரத்துணி வாளியோடு போகிறவர்களுக்கு ஒன்றரையடி. ஒன்றரை ஜெயித்தது. ராத்திரியில் அதில் நான் நடப்பதைப் பார்த்தால் கோயில் யானை ஞாபகம் வரும்.

பங்குனி பிறந்ததும் கறுப்புக் கல் தோசைக்கல் ஆகிவிட்டது. கொல்லையில் யார் செருப்புப் போட்டு நடக்கிறார்கள்? எல்லாரும் பாதைக்கு அரையடி தள்ளிப் புல்லில் போக, அங்கே புதிதாக ஒரு தடம் விழுந்தது. பாதைக்கு மேலே பந்தல் போட்டுப் பாகல்கொடி ஏற்றலாம் என்று சொன்னது நான் இல்லை, என் மனைவி. நல்ல யோசனை. பந்தற்காலுக்குக் குழி தோண்ட நாலைந்து கல்லைப் பெயர்க்க வேண்டும், அவ்வளவுதான். கடப்பாரையை எடுத்து வருவதற்குள் மதிலுக்கு மேலே ஓவர்சியர் தலை தெரிந்தது. கையில் டியூபும் இருந்தது.

“தம்பி, பந்தலுக்கு வாட்டம் எந்தப் பக்கம்?”