நின்றால் கொதிக்கும், ஓடினால் தணியும்: கார் எஞ்சினின் 'ஐடியல்' நிலை குறித்த ஆய்வு

1. ஆய்வுப் பொருள்

கார் நிற்க, எஞ்சின் மட்டும் ஓடும் நிலையைப் படித்தவர் 'ஐடில்' என்பர். பட்டறை வழக்கில் அது 'ஐடியல்'. லட்சிய நிலை என்று இதற்குப் பொருள் கொள்வாரும் உளர். அவர்கள் மே மாத மதியத்தில் பெருங்களத்தூர் நெரிசலில் நின்றறியாதவர்கள்.

ஆய்வாளரின் பன்னிரண்டு வயதுக் கார், திண்டிவனத்திலிருந்து 80 கி.மீ. வேகத்தில் வந்தவரை டெம்பரேச்சர் முள்ளை நடுக்கோட்டிலேயே வைத்திருந்தது. பெருங்களத்தூரில் நின்ற பத்தாம் நிமிடம், முள் சிவப்பை நோக்கிப் புறப்பட்டது. அந்தச் சாலையில் அப்போது முன்னேறிய ஒரே பொருள் அதுதான். உழைக்கும்போது குளிர்ந்திருப்பது சும்மா இருக்கும்போது கொதிப்பானேன்? இதுவே ஆய்வு வினா. உடன் ஆய்வாளர், பக்கத்து இருக்கையில் பெரியப்பா.

2. பிறர் மதம் மறுத்தல்

தண்ணீர்க் கொள்கை: இதன் ஆசிரியர் பெரியப்பா. "மூடியத் தொறந்து ஒரு பாட்டில் தண்ணி ஊத்துடா." மறுப்பு: ரேடியேட்டர் மூடி, குக்கர் வெயிட்டின் ஒன்றுவிட்ட தம்பி. உள்ளே ஒரு பார் அளவுக்குக் கூடுதல் அழுத்தத்தை அடக்கி, 100 டிகிரியில் கொதிக்க வேண்டிய தண்ணீரை 120 வரை கொதிக்காமல் வைத்திருப்பது. சூட்டோடு திறந்தால் அடுத்த ஆய்வு தீக்காயப் பிரிவில்தான். கூலன்ட் குறைந்திருக்கிறதா என்பது எஞ்சின் நன்றாக ஆறியபின் பார்க்க வேண்டியது.

வால்வுக் கொள்கை: பட்டறைகளில் செல்வாக்குள்ளது. "தெர்மோஸ்டாட் வால்வக் கழட்டிடலாம் சார், நம்ம ஊரு வெயிலுக்கு அது எதுக்கு?" மறுப்பு: எண்பது சொச்சம் டிகிரியில் திறந்து, தண்ணீரை ரேடியேட்டருக்கு விடுவது அந்த வால்வின் வேலை. திறக்காமல் சிக்கியிருந்தால் நெடுஞ்சாலையிலும் கொதித்திருக்கும். திண்டிவனம் முதல் வந்த வழி முழுவதும் சாட்சி.

ஹெட் கேஸ்கட் கொள்கை: எந்த நோய்க்கும் பெரிய ஆபரேஷனையே பரிந்துரைப்பது. மறுப்பு: கூலன்டில் குமிழ் இல்லை, சைலன்சரில் வெள்ளைப் புகை இல்லை, ஆயில் பால் கலந்த டீ நிறத்துக்கு மாறவில்லை. குறி காணாமல் கத்தி எடுப்பது முறையன்று.

3. தன் மதம் நிறுவல்

80 கி.மீ. வேகத்தில் எஞ்சின் எரிக்கும் பெட்ரோல் அதிகம்; பிறக்கும் சூடும் அதிகம். ஆயினும் எதிர்க்காற்று இலவசமாக ரேடியேட்டரைத் துளைத்துக்கொண்டு போகிறது. நின்றதும் அந்தக் காற்று நின்றுவிடும். நிமிடத்துக்கு 800 சுற்று மட்டுமே சுற்றும் எஞ்சினோடு வாட்டர் பம்ப்பும் சோம்பிவிடும். மீதமிருப்பது ரேடியேட்டர் ஃபேன் ஒன்றே. ஆகவே, நின்றால் மட்டும் கொதிக்கும் வண்டியில் முதல் சந்தேகம் ஃபேன். ரேடியேட்டர் இடுக்குகளை அடைத்த புழுதியும் பூச்சியும், தளர்ந்த பெல்ட்டும், தேய்ந்த பம்ப்பும் பிறகே.

வரலாறும் இதற்கே துணை நிற்கிறது. 1888-இல் பெர்த்தா பென்ஸ், மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு வண்டி ஓட்டிப் போனபோது வழிநெடுகத் தண்ணீர் ஊற்ற வேண்டியிருந்தது. ஆவியாக விட்டே ஆற்றுவதுதான் அந்த வண்டியின் முறை. பெரியப்பாவின் கொள்கை அக்காலத்தது. 1900 வாக்கில் வில்ஹெல்ம் மேபாக், 8,070 சிறு குழாய்களைத் தேன்கூடுபோல் அடுக்கி மெர்சிடிஸ் காருக்கு ரேடியேட்டர் செய்தார். மெதுவாகப் போகும்போதும் காற்று கிடைக்கட்டும் என்று, அதன் பின்னால் சிறு ஃபேன் ஒன்றையும் வைத்தார். பெருங்களத்தூர் நெரிசலை முன்கூட்டியே உணர்ந்த முதல் அறிஞர் அவரே.

4. சோதனைகள்

முதற்சோதனை: ஓரங்கட்ட இடம் கிடைக்கும்வரை, ஏசியை அணைத்து ஹீட்டரை முழு வேகத்தில் வைப்பது. ஹீட்டர் என்பது குட்டி ரேடியேட்டர். எஞ்சின் சூட்டைப் பிடுங்கிக் காருக்குள் வீசும். "மே மாசத்துல ஹீட்டராடா?" என்றார் உடன் ஆய்வாளர். முள் இரண்டு கோடு இறங்கியது. பெரியப்பா ஏறினார்.

இரண்டாம் சோதனை: மறுநாள் வீட்டு வாசலில். ஏசி போட்டால் ஃபேன் சுற்ற வேண்டும்; சுற்றவில்லை. ஃபியூஸ் சரி. பாட்டரியிலிருந்து நேராக ஒயர் கொடுத்ததும் மோட்டார் சுற்றியது. எஞ்சியது ரிலே. பக்கத்தில் அதே எண்ணில் இருந்த ஹார்ன் ரிலேயைப் பிடுங்கி ஃபேனுக்கும், ஃபேனுடையதை ஹார்னுக்கும் மாற்றியதும் ஃபேன் இரைந்தது, ஹார்ன் ஊமையாயிற்று. நோய் நிரூபணம்.

மூன்றாம் சோதனை திட்டமிடாதது. உதிரிபாகக் கடைவரை ஹார்ன் இல்லாமல் ஜிஎஸ்டி சாலையில் ஓட்டியதில், எஞ்சின் முள் அசையவில்லை. ஆய்வாளரின் தலை கொதித்தது.

5. முடிவு

சூடு அழிவதில்லை, ஆள் மாறும். எஞ்சினுக்குப் புது ரிலே வந்தது, ஆய்வாளருக்கு ஹார்ன் திரும்பியது, இருவரும் ஆறினர். ஹீட்டர் வழியே பெரியப்பாவுக்குப் போன பங்கு மட்டும் இன்னும் ஆறவில்லை. வெளியே போய்வரும்போது இயல்பாக இருக்கிறார். திண்ணையில் சும்மா உட்கார்ந்தால், நினைவு வந்து முள் ஏறுகிறது. நோய் 'ஐடியல்' நிலையில் மட்டுமே வெளிப்படுவதால், விசிறி ஒன்று வாங்கிக் கொடுத்துக் கவனித்து வருகிறோம்.