சரக்கு முன்னா, பாட்டு முன்னா?

கே: கொரிய சீரியல் பார்த்தால் கொரியச் சரக்கு விற்றுவிடுமா? (கோவில்பட்டி)

ப: விற்கும், சரக்கு கடையில் இருந்தால்! 2003-ல் ‘விண்டர் சொனாட்டா’ தொடரை ஜப்பானின் என்.எச்.கே. ஒளிபரப்பியதும், படப்பிடிப்பு நடந்த நாமி தீவைப் பார்க்க ஜப்பானியர்கள் கிளம்பிவிட்டார்கள். 2024-ல் கொரிய நூடுல்ஸ் ஏற்றுமதி 100 கோடி டாலரைத் தாண்டியது. நாயகி ரசித்து உறிஞ்சினால் பார்ப்பவர் நாக்கு சும்மா இருக்குமா? ஆனால் நூடுல்ஸ் செய்யும் நோங்ஷிம் கம்பெனி 2005-லேயே அமெரிக்காவில் ஆலை போட்டுக் காத்திருந்தது. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

கே: அப்படியானால் ஹூண்டாய் நம்மூருக்கு வந்தது கே-பாப் புண்ணியமா? (தாம்பரம்)

ப: இல்லை. அதன் சான்ட்ரோ கார் ஸ்ரீபெரும்புதூர் பக்கத்து ஆலையிலிருந்து 1998-லேயே வெளிவரத் தொடங்கிவிட்டது. சென்னையில் இந்திய-கொரியப் பண்பாட்டு மையமான ‘இன்கோ சென்டர்’ வந்ததோ 2006-ல்தான். இங்கே சரக்குதான் முந்தியது.

கே: பாட்டு சரி, அடுத்த நாட்டுப் பிள்ளைகளுக்கு நம் காசில் உதவித்தொகை தந்து படிப்பு எதற்கு? (மன்னார்குடி)

ப: ஆஸ்திரேலியாவைப் பாருங்கள். 1950-ல் உருவான கொழும்புத் திட்டத்தின்கீழ் மலேயா, இலங்கை, இந்தோனேசியா என்று ஆசியப் பிள்ளைகளைச் செலவு கொடுத்து அழைத்துப் படிக்கவைத்தது. வெள்ளையர் மட்டுமே குடியேறலாம் என்ற கொள்கை அங்கே கோலோச்சிய காலம் அது! பல மாணவர்கள் ஆஸ்திரேலியக் குடும்பங்களோடு தங்கினார்கள். பயம் இரு பக்கமும் குறைந்தது. ஊர் திரும்பியவர்கள் அதிகாரிகளானார்கள், தொழில் நடத்தினார்கள். தம் பிள்ளைகளையும் அங்கேயே அனுப்பினார்கள், இம்முறை கட்டணம் கட்டி. இன்று இரும்புத்தாது, நிலக்கரி, எரிவாயுவோடு வெளிநாட்டு மாணவர் படிப்பும் அந்நாட்டின் பெரிய ஏற்றுமதிகளில் ஒன்று. பலன் கிடைக்க ஒரு தலைமுறை ஆனது. பொறுக்காத அரசு இதில் இறங்கவே கூடாது.

கே: நாடுகள் சண்டை போட்டுக்கொண்டால்? (திருச்சி)

ப: பாட்டு முதலில் அடிபடும். அமெரிக்காவின் ‘தாட்’ ஏவுகணைத் தடுப்பை நிறுவ 2016-ல் தென்கொரியா சம்மதித்ததும், சீனாவில் கொரியக் கலைஞர்களுக்குக் கதவு மூடியது. அடுத்த ஆண்டு சுற்றுலாக் குழுக்கள் நின்றன. அங்கிருந்த கொரிய லோட்டே கம்பெனியின் கடைகள் பூட்டப்பட்டன. படித்த படிப்பை அப்படிப் பூட்ட முடியாது. அதனால்தான் என் ஓட்டு உதவித்தொகைக்கு.

கே: இந்தியா என்ன செய்கிறது? (சேலம்)

ப: ‘ஐடெக்’ திட்டத்தில் 1964 முதல் பல நாட்டவருக்குப் பயிற்சி தருகிறது. மேற்கு ஜெர்மனி உதவியில் 1959-ல் எழுந்த சென்னை ஐ.ஐ.டி., 2023-ல் தான்சானியாவின் சான்சிபாரில் தானே வளாகம் திறந்தது. எனக்கு அதில் அப்படியொரு பெருமை! அங்கே படித்து வெளியேறுபவர்களோடு திருப்பூரும் கோவையும் இப்போதே பழகிக்கொள்ள வேண்டும்.