சுவிட்ச் பெரியப்பா

நெட் கொஞ்சம் இழுத்தால் போதும், சுவிட்ச் பெரியப்பா நாற்காலியை விட்டு எழுந்துவிடுவார். உள்ளறையில் மகன் மேனேஜரோடு மீட்டிங்கில் இருப்பான். பேத்தி ஆன்லைன் பரீட்சையில் கடைசிக் கேள்விக்கு வந்திருப்பாள். அதெல்லாம் அவர் கணக்கில் வராது. மோடம் சுவிட்சில் விரல் வைத்தால் வைத்ததுதான். டப்!

அணைத்த கையோடு போடவும் மாட்டார். "முப்பது எண்ணணும். உள்ளே இருக்கிற கரண்ட் வடியணும்." சொல்வது சரிதான், கெபாசிட்டரில் தேங்கியது வடிந்தால்தான் பெட்டியின் தற்காலிக நினைவு முழுசாகத் துடைபடும். ஆனால் இவர் பதினேழு எண்ணும்போது பால்காரர் வருவார். அவரிடம் பாக்கியைத் தீர்த்து, பால் தண்ணியாக இருப்பதையும் விசாரித்துவிட்டு வந்து, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்குவார்.

போட்ட பிறகு கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு நேர்முக வர்ணனை. "பவர் வந்தாச்சு... பான் மினுக்குது... இன்னும் மினுக்குது..." அந்தப் பச்சை விளக்கு நிலையாக நின்று நெட் வர இரண்டு மூன்று நிமிடமாவது ஆகும். பெரியப்பாவின் பொறுமைக்கு அவ்வளவு நீளம் கிடையாது. மறுபடி டப்!

"யாரைக் கேட்டுப்பா அணைச்சீங்க?"

"ஸ்லோவா இருந்துச்சுடா. இப்பப் பாரு, பறக்கும்."

எரிச்சல் என்னவென்றால், பல நேரம் பறக்கவும் செய்யும். வாரக்கணக்கில் ஓய்வில்லாமல் ஓடித் திணறும் பெட்டிக்கு ஒரு முறை அணைத்துப் போடுவது நல்ல வைத்தியம்தான். அந்த வெற்றியை வைத்தே அடுத்த மாதம் வரை ஓட்டிவிடுவார்.

ஆனால் 'லாஸ்' விளக்கு சிவப்பாக எரிந்தால் ஃபைபரில் வெளிச்சம் வரவில்லை என்று பொருள். அணில் கடித்திருக்கும், அல்லது இ.பி.காரர்கள் கிளை வெட்டும்போது வயரையும் சேர்த்து வெட்டியிருப்பார்கள். சுவிட்சைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டாலும் நெட் வராது. பெரியப்பா விடுவாரா? அந்தச் சுவிட்ச் தேய்ந்து, இப்போது ஓரமாக அழுத்தினால்தான் பிடிக்கிறது.

இதுவரைக்கும் சிரித்துவிட்டுப் போகலாம். மோடத்தின் பின்பக்கத்து ரீசெட் பொடி ஓட்டைக்குள் ஊக்கை விட்டு அழுத்திப் பிடித்தாரே, அதைச் சிரித்துத் தள்ள முடியாது. யூசர் நேம், பாஸ்வேர்ட் எல்லாம் அழிந்து, கேபிள்காரர் வந்து திரும்ப அடித்துக் கொடுக்கும்வரை வீடே ஸ்தம்பித்தது. கேட்டால், "நான் சுவிட்சைத் தொடவே இல்லையே!"

பெரியப்பாமாரே, தாராளமாக அணையுங்கள். அதற்கு முன் ஒரு குரல் கொடுங்கள். சிவப்பு எரிந்தால் சுவிட்சை விட்டுவிட்டுப் போனை எடுங்கள். ஊக்கு சட்டையிலேயே இருக்கட்டும்.