இதயத்தில் யார்?

என் இதயத்தை எம்.ஆர்.ஐ. எடுத்தால் உள்ளே இருப்பது யார் என்று தெரிந்துவிடுமா?
*– வாசகர், கிரெய்கிபர்ன், மெல்போர்ன்*

பயப்படாதீர்கள். ரிப்போர்ட் டாக்டருக்குத்தான் போகும், மனைவிக்கு அல்ல! தசையில் தழும்பா, வீக்கமா, வால்வு ஒழுகுகிறதா, பெருந்தமனி புடைத்திருக்கிறதா... இதெல்லாம் தெரியும். அதுவும் எக்ஸ்-ரே கதிர் இல்லாமல்.

தாலிக்கொடியைக் கழற்றச் சொல்கிறார்களே, தங்கம் காந்தத்தில் ஒட்டுமா?
*– வாசகி, கிரெய்கிபர்ன்*

தங்கம் ஒட்டாது. அதில் கோர்த்து வைத்திருக்கிறீர்களே நாலு ஊக்கு, அது பறக்கும்! 1.5 டெஸ்லா காந்தம் என்றால் பூமியின் காந்தப்புலத்தைப் போல சுமார் 30,000 மடங்கு. ஸ்கேன் ஓடாத நேரத்திலும் அது தூங்குவதில்லை.

ஒரு மணி நேரம் அசையாமல் படுக்க வேண்டுமாமே?
*– இன்னொரு வாசகர், அதே ஊர்*

காலை ரயிலில் ஃபிளிண்டர்ஸ் ஸ்ட்ரீட் வரை அசைய இடமில்லாமல் நிற்பவர் கேட்கிற கேள்வியா இது? 1977-ல் அமெரிக்க மருத்துவர் டமேடியனின் குழு முதன்முதலாக ஒரு மனிதரின் மார்பை ஸ்கேன் எடுத்தபோது, ஒரே படத்துக்கு ஏறக்குறைய 5 மணி நேரம் ஆனது.

துடிக்கிற இதயம் படத்தில் மங்கலாகாதா?
*– வாசகி, கிரெய்கிபர்ன்*

ஈ.சி.ஜி.யைப் பார்த்து, துடிப்போடு தாளம் சேர்த்து எடுப்பார்கள். நீங்கள் சில விநாடி மூச்சைப் பிடிக்க வேண்டும். கரண்ட் பில்லைப் பார்த்ததும் பிடிக்கிறீர்களே, அதேதான்!

பேஸ்மேக்கர், சிறுநீரகக் கோளாறு இருந்தால் முன்பே சொல்லிவிடுங்கள். திடீர் நெஞ்சுவலி என்றால் ஸ்கேனுக்கு நாள் பார்க்காதீர்கள், அவசர உதவி எண் 000-ஐ அழையுங்கள்.