கண்ணாடி அலமாரியின் தர்மகர்த்தா

காஞ்சிபுரம் மாவட்டத்து உத்திரமேரூரையும் அதைச் சூழ்ந்த ஏரிப் பாசனச் சிற்றூர்களையும் சேர்ந்த பழைய வீடுகளில், கூடத்துச் சுவரில் பதித்த கண்ணாடி அலமாரி ஒன்றை வைத்துக்கொண்டு, தம் பிள்ளைப் பருவத்துப் பயணங்கள் அனைத்தும் அதற்குள் சேதமின்றி இருப்பதாக நம்பி வாழும் ஒருவகைப் பெரியவரைக் காணலாம். ஊரார் அந்த அலமாரியை 'ஷோகேஸ்' என்பர். அதன் பொறுப்பாளரை அலமாரித் தர்மகர்த்தா என்று அழைப்பது பொருந்தும். தர்மகர்த்தா என்பவர் கோயிற் சொத்துக்கு உரிமையாளர் அல்லர். அதைக் காத்துப் பராமரித்து, கேட்பவர்களுக்குக் கணக்குச் சொல்லக் கடமைப்பட்டவர். அலமாரித் தர்மகர்த்தாவும் இவ்விலக்கணத்துக்கு முற்றிலும் உட்பட்டவரே. யாரும் கேட்காமலேயே கணக்குச் சொல்வது மட்டுமே அவரிடம் காணப்படும் வேறுபாடு.

இவ்வகையினர் பெரும்பாலும் அறுபதை ஒட்டிய வயதினர். பள்ளி ஆசிரியராகவோ, கூட்டுறவுச் சங்கத்து எழுத்தராகவோ, அரிசி ஆலைக் கணக்கராகவோ இருந்து ஓய்ந்தவர்கள். அலமாரியின் சாவி அவர்களுடைய அரைஞாணிலோ, சுவாமி படத்துக்குப் பின்னாலோ இருக்கும். நகைப் பெட்டியின் சாவி எங்கே இருக்கிறது என்பது வீட்டில் அனைவருக்கும் தெரிந்திருக்க, இந்தச் சாவியின் இருப்பிடம் மட்டும் இரகசியமாகக் காக்கப்படுவது ஆய்வாளர் கருதத்தக்கது. அலமாரியின் இரண்டு கண்ணாடிக் கதவுகளில் ஒன்று நகரும். மற்றொன்று ஐப்பசி மழையில் மரம் ஊதிச் சிக்கிக்கொண்ட நாள்முதல் நகர்வதில்லை. ஆகவே, இடப்பக்கத்துப் பொருள் எதையேனும் எடுக்க விரும்புபவர் வலப்பக்கமாகத் தோள்வரை கையை நுழைத்து, வழியிலுள்ள தெய்வங்கள் எதையும் தள்ளிவிடாமல் எடுத்தாக வேண்டும். இக்கலையில் தேர்ந்தவர் தர்மகர்த்தா ஒருவரே.

இத்தகையவர் உருவானதற்குப் பொருளாதாரக் காரணம் ஒன்று உண்டு. 1970களில் இப்பகுதிக் குடும்பங்களுக்குப் பயணம் என்பது அரிய நிகழ்ச்சி. ரயில் ஏறுவதற்கே செங்கல்பட்டுக்கோ மதுராந்தகத்துக்கோ பேருந்தில் போக வேண்டும். அதற்கும் முன்னதாகச் சம்பா அறுத்து, களம் ஓய்ந்து, நெல் விற்ற பணம் கைக்கு வந்திருக்க வேண்டும். திருப்பதி முடிகாணிக்கை, உறவினர் வீட்டுத் திருமணம், பள்ளிச் சுற்றுலா ஆகிய மூன்றுமே ஒரு சிறுவன் ஊர் எல்லையைத் தாண்டுவதற்கு ஏற்றுக்கொள்ளப்பட்ட காரணங்களாக இருந்தன. புளிசாதப் பொட்டலத்தோடும், வாந்தி வராமலிருக்க முகர்ந்து பார்க்கக் கொடுத்த எலுமிச்சம்பழத்தோடும் அவன் புறப்படுவான். போய்ச் சேர்ந்த இடத்தில் தந்தையார் 'தலைக்கு ஒரு சாமான்' என்ற சட்டத்தை அறிவிப்பார். வாங்கும் பொருள் உடையாததாகவும் வீட்டுக்கு உதவுவதாகவும் இருக்க வேண்டும் என்பது அச்சட்டத்தின் உட்பிரிவு. கடைத்தெரு முழுவதையும் இருமுறை சுற்றி வந்த பிறகு, உடையக்கூடியதும் எதற்கும் உதவாததுமான பொருளைச் சிறுவன் தேர்ந்தெடுப்பான். அதற்காக அழுது, வாங்கியும் விடுவான். இன்றைய அலமாரி, அவ்வாறு வென்ற வழக்குகளின் தொகுப்பாகும்.

அலமாரியின் மேல்தட்டு தெய்வத் தட்டு எனப்படும். திருப்பதியில் வாங்கிய மரப்பாச்சி, அதாவது மரத்தில் செதுக்கிய ஆண், பெண் இணைப் பொம்மை, அங்கே முதலிடம் பெறும். நவராத்திரிக் கொலுவுக்கு மட்டும் அவ்விணை தற்காலிக மாற்றலில் சென்று, விசயதசமி கழிந்ததும் பணிக்குத் திரும்பும். பழனி பஞ்சாமிர்த டப்பா காலியானது என்றாலும், மூடியைத் திறந்தால் வாசனை இன்னும் வருவதாகத் தர்மகர்த்தா வற்புறுத்துவார். முகர்ந்து பார்ப்பவர்கள் மரியாதை கருதி ஆம் என்பர்.

நடுத்தட்டு கடல் தட்டு. இராமேசுவரத்துச் சங்கில் அவருடைய பெயர் பொறிக்கப்பட்டிருக்கும். பெயர் நீண்டதாகவும் சங்கு சிறியதாகவும் இருந்தமையால் கடைசி இரண்டு எழுத்துகள் மறுபுறம் சென்றுவிட்டன. மாமல்லபுரத்தில் வாங்கிய மாக்கல் யானைக்குத் துதிக்கை ஒட்டப்பட்டது. மென்மையானதும் உளிக்கு எளிதில் இடம் கொடுப்பதுமான கல்லே மாக்கல். உளிக்கு இடம் கொடுப்பது தரையில் விழுவதற்கும் இடம் கொடுக்கிறது. அதே ஊரில் 1980களில் மற்றொரு முறை வாங்கிய சிப்பி மயிலுக்குத் தோகையில் ஒரே ஒரு சிப்பிதான் எஞ்சியுள்ளது. கன்னியாகுமரியின் பலநிற மணல் பொட்டலங்கள் இத்தட்டின் பெருமை. கார்னெட் என்ற கனிமத்தால் சிவந்தும் இல்மனைட்டால் கறுத்தும் தோன்றும் அம்மணல் வகைகளை, அரிசி, பருப்பு என்று சொல்லி யாத்திரிகர்களுக்கு விற்பது அக்கரையின் வழக்கம். தர்மகர்த்தாவின் பொட்டலங்களோ காலப்போக்கில் ஓட்டை விழுந்து ஒன்றோடொன்று கலந்து, இப்போது உத்திரமேரூர்த் தெருப்புழுதியின் நிறத்தை அடைந்திருக்கின்றன.

கீழ்த்தட்டைத் தேசியத் தட்டு எனலாம். அங்கே தஞ்சாவூர்த் தலையாட்டிப் பொம்மை நிற்கும். அடிப்பகுதி கனமாகவும் உருண்டையாகவும் இருப்பதால் புவியீர்ப்பு மையம் தாழ்ந்து, எப்பக்கம் சாய்த்தாலும் நிமிர்ந்துவிடும் இப்பொம்மை 2008-09ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு பெற்றது. அந்தச் செய்தியை நாளிதழில் படித்த தர்மகர்த்தா, அதைக் கத்தரித்துப் பொம்மையின் அடியில் வைத்ததனால், அன்றுமுதல் அது ஒரு பக்கமாகவே சாய்ந்து நிற்கிறது. அதன் அருகில் வெண்கல் தாஜ்மகால் உண்டு. அது இராணுவத்தில் இருந்த மாமன் கொண்டுவந்து கொடுத்தது. தர்மகர்த்தா ஆக்ராவுக்குச் சென்றதில்லை. ஆயினும், அலமாரியிலுள்ள எல்லாப் பயணங்களிலும் ஆக்ராப் பயணமே மிக விரிவாக விவரிக்கப்படுவது.

விருந்தினர் வந்து காப்பி குடித்து முடித்ததும் காட்சி தொடங்கும். இக்காட்சியில் கவனிக்க வேண்டிய உண்மை என்னவென்றால், பொருள் எந்த ஊரைச் சேர்ந்ததோ அந்த ஊரைப் பற்றிய செய்தி ஒன்றும் அதில் இடம்பெறாது. கன்னியாகுமரிக்கு இவர் சிறுவனாகச் சென்றபோது, விவேகானந்தர் பாறை நினைவு மண்டபம் 1970இல் திறக்கப்பட்டுச் சில ஆண்டுகளே ஆகியிருந்தன. நாடே அப்பாறையைக் காணப் படகேறிக்கொண்டிருந்தது. இது தெரிந்த தங்கை மகன் ஒருவன், "மாமா, அங்க சூரியன் உதிக்கிறதப் பாத்தீங்களா?" என்று கேட்டால், "எங்கப்பா பாக்கிறது? ஒத்தச் செருப்பு தொலஞ்சிபோச்சி. எங்கப்பா அடிக்கப் போறாரேன்னு அதத் தேடினதிலேயே விடிஞ்சிபோச்சி" என்று பதில் வரும். இராமேசுவரம் என்றால் பாம்பன் பாலத்தில் ரயில் போகும்போது பாட்டி கண்ணை மூடிக்கொண்டு முருகனைக் கூப்பிட்டது. மாமல்லபுரம் என்றால் கணக்கு வாத்தியார் கடல் அலையில் வேட்டி நனைந்து அர்ச்சுனன் தபசுப் பாறைமுன் உலர்த்திக்கொண்டு நின்றது. திருப்பதி என்றால் மொட்டையடித்த பிறகு அண்ணன் எது, தம்பி எது என்று சித்தப்பாவுக்குக் குழம்பிப்போனது.

இதனால் தர்மகர்த்தாவை ஊர் பார்க்கத் தெரியாதவர் என்று முடிவுகட்டுவது பிழையாகும். அமெரிக்க இலக்கிய ஆய்வாளர் சூசன் ஸ்டூவர்ட், ஏக்கத்தைப் பற்றி 1984இல் வெளியிட்ட நூலில், நினைவுப்பொருளுக்குத் தனித்த மதிப்பு இல்லை என்றும், அதை வைத்திருப்பவர் சொல்லும் கதையே அதற்கு மதிப்பைத் தருகிறது என்றும் விளக்குகிறார். ஒரே கடையில் ஒரே நாளில் ஆயிரம் பேர் வாங்கிய ஒரே மாதிரிச் சங்கு அவரவர் வீட்டில் வெவ்வேறாகிவிடுவது இதனால்தான். ஆக, கடலோ கோயிலோ அலமாரிக்குள் இல்லை. அழைத்துச் சென்ற தந்தையின் கோபமும், பாட்டியின் அச்சமும், தலைக்கு ஒன்று என்ற சட்டம் தளர்ந்த அந்த ஒரு நொடியும் இருக்கின்றன. தர்மகர்த்தா இதை ஒருபோதும் ஒப்புக்கொள்ளமாட்டார். தாம் தமிழகத்தின் புவியியலைக் காத்து வருவதாகவே அவர் எண்ணம்.

அவருடைய வழக்கத்துக்கு நெடிய மரபு உண்டு. காசி யாத்திரை செல்வோர் இராமேசுவரத்துக் கடல்மணலை எடுத்துச் சென்று பிரயாகையின் திரிவேணி சங்கமத்தில் கரைப்பதும், அங்கிருந்து கங்கை நீரைக் கொணர்ந்து இராமநாதசுவாமிக்கு அபிடேகம் செய்விப்பதும் பழைய முறை. இசுபெயின் நாட்டுச் சந்தியாகோ தே கொம்போசுதேலாவுக்குச் சென்ற இடைக்கால யாத்திரிகர்கள், போய்வந்ததன் அடையாளமாகச் சிப்பியைத் தொப்பியில் அணிந்தனர். ஆனால் இவ்விரு மரபிலும் பொருளுக்கு ஒரு கடமை இருந்தது: மணல் கரைய வேண்டும், சிப்பி சாட்சி சொல்ல வேண்டும். தர்மகர்த்தாவின் பொருள்களுக்கு அத்தகைய வேலை ஏதுமில்லை; ஓய்வூதியம் பெறும் அவரைப் போலவே அவையும் உட்கார்ந்திருக்கின்றன.

அலமாரிக்குப் பகைகள் மூன்று. முதலாவது போகி. பழையன கழிக்கும் அந்நாளில் தர்மகர்த்தா விடியற்காலையிலேயே குளித்து, நாற்காலியை அலமாரிமுன் போட்டு அமர்ந்துவிடுவார். "ஏங்க, அந்த மயிலுக்கு ஒரு சிப்பிதான் மிச்சம். அத எடுத்துட்டா தீபாவளிக்கு வந்த எவர்சில்வர் டப்பாவ வைக்கலாம்" என்று மனைவியார் ஆண்டுதோறும் கோரிக்கை வைப்பதும், அது பரிசீலனையில் இருப்பதாகப் பதில் பெறுவதும் மரபு. இரண்டாவது பகை சட்டம். இராமேசுவரத்தில் பொறுக்கிய பவளப்பாறைத் துண்டு ஒன்று கடல் தட்டில் இருந்தது. பவளப்பாறை உயிரினங்கள் 2001இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்க்கப்பட்டன என்பதைப் பேத்தியின் பாடப்புத்தக வழியே அறிந்த நாள்முதல், அத்துண்டு பஞ்சாமிர்த டப்பாவுக்குள் தலைமறைவாக வாழ்கிறது. வாசனை இன்னும் வருகிறதா என்று இப்போது யாரையும் முகரச் சொல்வதில்லை.

மூன்றாவது பகை பேரன். காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயிலில் 40 ஆண்டுகளுக்கு ஒருமுறை குளத்திலிருந்து எழுந்தருளும் அத்திவரதரைத் தர்மகர்த்தா 1979இல் தம் தாத்தாவின் கைபிடித்துச் சென்று சேவித்தவர். அப்போது வாங்கிய படம் தெய்வத் தட்டின் நடுவில் இருக்கிறது. 2019இல், சூலை முதல் நாள் தொடங்கி 48 நாள் சேவை நடந்தபோது, பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நின்றார். 31 நாள் சயனக் கோலம், பின் 17 நாள் நின்ற கோலம் என்று வழியெல்லாம் விளக்கினார். பேரன் வாங்கியதோ, அத்திவரதருக்கும் காஞ்சிபுரத்துக்கும் எவ்விதத் தொடர்புமற்ற, சோப்புக் குமிழி விடும் பிளாஸ்டிக் துப்பாக்கி. ஊர்ப்பெயர்கூட அதில் இல்லையே என்று தர்மகர்த்தா வருந்தினார். சில ஆண்டுகள் கழித்து விருந்தினர் ஒருவர் அந்தச் சேவையைப் பற்றிக் கேட்டபோது, பேரன் உடைந்த துப்பாக்கியை எடுத்துவந்து, "தாத்தாக்குக் கால் வலிச்சி ரோட்டுலயே உக்காந்துட்டாரு. போலீஸ்காரரு வந்து மோர் குடுத்தாரு" என்று கையை ஆட்டி விவரித்தான். பெருமாள் கிடந்தாரா நின்றாரா என்று அவன் சொல்லவே இல்லை. அன்று மாலை சாவி எடுக்கப்பட்டது. மனைவியாரின் எவர்சில்வர் டப்பாவுக்கென்று எட்டாண்டுகளாகப் பரிசீலனையில் இருந்த இடம் துப்பாக்கிக்கு வழங்கப்பட்டது.

தர்மகர்த்தாவின் தகுதியை அளக்க அவர் ஊரிலேயே பழைய விதி உண்டு. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிற் சுவரில் உள்ள, கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்த முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் ஊரை 30 குடும்புகளாக, அதாவது பகுதிகளாகப் பிரித்துக் குடவோலை முறையில் வாரிய உறுப்பினரைத் தேர்ந்தெடுத்த விதத்தைச் சொல்கின்றன. கால் வேலிக்கு மேல், அதாவது ஏறத்தாழ ஒன்றரை ஏக்கருக்குச் சற்று மிகுதியாக இறைநிலம், சொந்த மனையில் வீடு, 35க்கு மேல் 70க்கு உட்பட்ட வயது ஆகியவை இரண்டாம் கல்வெட்டு கூறும் தகுதிகளுள் சில. பாகப்பிரிவினை வழக்கு முடிந்தால் நிலம் உட்பட இவை யாவும் அலமாரித் தர்மகர்த்தாவுக்குப் பொருந்தும். ஆனால் தடை ஒன்று உண்டு. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர்களை அக்கல்வெட்டு அறவே விலக்குகிறது; இவரோ சங்கின் விலையை ஒரு விருந்தினரிடம் முக்கால் ரூபாய் என்றும் அடுத்தவரிடம் ஒன்றரை ரூபாய் என்றும் சொல்பவர், ஆக்ராவுக்கு ரயில் கட்டணமும் காட்டியவர். கணக்குக் காட்டாதவருடைய சிற்றன்னை, பெரியன்னை மக்களும், அத்தை, மாமன் மக்களும்கூடக் குடவோலைக்குத் தகுதியற்றவர் என்பது அதே விதியின் தொடர்ச்சி. அலமாரி இருக்கும் வீடுகள் யாவும் ஒன்றுக்கொன்று கொண்டும் கொடுத்தும் உறவானவை என்பதால், இவ்விதியை இன்று செயல்படுத்தினால் முப்பது குடும்பிலும் குடத்துக்குள் இடுவதற்கு ஓலை ஒன்றும் மிஞ்சாது.