ஊறுதலும் உறைதலும்: தாம்பரத்துச் சியா புட்டிங் குறித்து

சியா புட்டிங் என்பது, அடுப்பில் ஏற்றப்படாமலும் ஆவியில் வேகாமலும், சியா விதை பாலில் இரவு முழுவதும் தானாகவே ஊறிக் கெட்டிப்பட்டு, மறுநாள் காலையில் கரண்டியால் எடுத்து உண்ணப்படும் பண்டமாகும். இவ்விலக்கணத்தில் விதை இருக்குமிடத்தில் சோற்றையும் பால் இருக்குமிடத்தில் தண்ணீரையும் வைத்தால் பழைய சோறு கிடைக்கும் என்பதை ஒப்பாய்வாளர்கள் எளிதில் காண்பர். ஆயினும் பழைய சோற்றை மண்சட்டியிலும் புட்டிங்கை மூடி போட்ட கண்ணாடிக் குடுவையிலும் வைப்பது வழக்கமாதலால், பின்னதற்கு மட்டும் ஒளிப்படம் எடுக்கப்படுகிறது.

தாம்பரத்தில் இப்பண்டம் வேரூன்றியதற்குத் தகுந்த வரலாற்றுப் பின்புலம் உண்டு. 1928-இல் மருத்துவர் டேவிட் சௌரி முத்து காசநோயாளிகளுக்காக நிறுவிய சானடோரியத்தின் பெயரே பின்னர் ரயில் நிலையத்துக்கும் வாய்த்தமையாலும், 2005-இல் தேசிய சித்த மருத்துவ நிறுவனம் அதே பகுதியில் திறக்கப்பட்டமையாலும், ‘உடம்புக்கு நல்லது’ என்ற இரண்டு சொற்களைக் கேட்டால் எதையும் ஒரு முறையேனும் குடித்துப் பார்ப்பது இவ்வூராரின் இயல்பு. சிட்லபாக்கம் ஏரிக்கரையிலும் சேலையூர்ப் பக்கத்து உள்தெருக்களிலும் விடியற்காலையில் நடப்போரிடையே முதலில் அருகம்புல் சாறும், அடுத்து வாழைத்தண்டுச் சாறும், அதன்பின் ஓட்ஸும் பரவியதைப் போலவே சியாவும் வாய்மொழியாகப் பரவியது. இக்கட்டுரையின் ஆசிரியருக்கு இச்செய்தி எட்டியது, அவருடைய இரத்தச் சர்க்கரை எல்லைக்கோட்டைத் தொட்டுவிட்டதாகப் பரிசோதனைத் தாள் அறிவித்த வாரத்தில் ஆகும்.

விதையின் பூர்விகம் சுவையானது. துளசி, புதினா ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்த இச்செடி மெக்சிகோவையும் குவாத்தமாலாவையும் தாயகமாகக் கொண்டு, அஸ்தெக் மக்களால் பெருமளவில் பயிரிடப்பட்டு, அரசனுக்குத் திறைப்பொருளாகவும் செலுத்தப்பட்டது. 1753-இல் இதற்குத் தாவரவியல் பெயர் சூட்டிய லின்னேயஸ், ‘ஸ்பெயினைச் சேர்ந்தது’ என்று பொருள்படும்படி ‘சால்வியா ஹிஸ்பானிகா’ என்று அழைத்துவிட்டார். மதுராந்தகத்துக்கு அப்பால் கிடக்கும் மனைகளைத் ‘தாம்பரத்துக்கு மிக அருகில்’ என்று விளம்பரப்படுத்தும் மரபுக்கு இவரே முன்னோடி எனலாம். மைசூரிலுள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தின் முயற்சியால் இன்று இப்பயிர் கர்நாடகத்திலும் விளைகிறது. எனவே பாக்கெட்டின் மேலே எந்த நாட்டு மலை அச்சிடப்பட்டிருந்தாலும், உள்ளிருப்பது காவிரிக்கு அக்கரையிலிருந்து வந்த உறவினராக இருக்கக் கூடும்.

இங்கே ஒரு பாடபேதத்தைத் தீர்க்க வேண்டியுள்ளது. சண்முகம் சாலைப் பக்கத்து நாட்டு மருந்துக் கடையொன்றில் சியா கேட்ட கட்டுரையாசிரியருக்குச் சப்ஜா கொடுக்கப்பட்டது; ஐயம் எழுப்பியபோது, “எல்லாம் ஒண்ணுதான் சார், இது நம்ம ஊரு, அது வெளியூரு” என்ற விளக்கமும் இலவசமாகக் கிடைத்தது. சப்ஜா என்பது திருநீற்றுப் பச்சிலையின் விதை. ஃபலூடாவிலும் ரோஸ் மில்க்கிலும் மிதப்பது. ஒரே சீராகக் கறுத்திருப்பது. நீர் பட்ட சில நிமிடங்களிலேயே வெண்படலம் போர்த்துக்கொள்வது. சியாவோ சாம்பல், பழுப்பு, வெள்ளை எனக் கலந்த புள்ளிகளுடன் வழவழப்பாக இருந்து, ஊறுவதற்கு அரை மணிக்கு மேல் எடுத்துக்கொள்வது. இரண்டும் ஒரே குடும்பத்தவை என்பதால் ஒன்றாகிவிடா. ஒரே குடும்பத்தில் பிறந்த அண்ணன் தம்பிகளைப் பாகப்பிரிவினையின்போது பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. சப்ஜாவின் ஒவ்வொரு விதையும் தன் படலத்தைத் தன்னோடு வைத்துக்கொண்டு தனித்தனியே வழுக்குமேயன்றிப் பாலை இறுக்கிப் பிடிக்காது. அன்றிரவு செய்யப்பட்ட புட்டிங் மறுநாள் காலை ரோஸ் நிறமில்லாத ரோஸ் மில்க்காக விளங்கியதற்கு இதுவே காரணம். ‘நம்மிடம் இல்லாததா’ என்று தொடங்கும் பெருமிதக் கட்டுரைகள் இந்த ஒரு குடுவையைப் பார்த்திருந்தால் சற்று அடக்கத்துடன் எழுதப்பட்டிருக்கும்.

உரிய விதை கிடைத்தபின் செய்முறை எளிது. ஒரு குவளைப் பாலுக்கு ஏறத்தாழ மூன்று மேசைக்கரண்டி விதை போதும். விதையின் மேலுறையிலுள்ள ஒருவகைப் பசைச் சர்க்கரை நீரைக் கண்டதும் வெளியே விரிந்து, விதையின் எடையைப் போலப் பத்து மடங்கு வரை நீரை இழுத்துவைத்துக்கொள்கிறது. வெண்டைக்காயை அறுக்கும்போது கத்தியில் ஒட்டுவதற்கு நெருங்கிய இனம் இது. விதையைப் போட்டுக் கலக்கிவிட்டுப் படுக்கச் செல்வோர் காலையில் மேலே பாலும் அடியில் சிமென்ட்டும் இருப்பதைக் காண்பர். பத்து நிமிடம் கழித்து இரண்டாம் முறை கிளறுவது இன்றியமையாதது. ஊறவைக்காமல் உலர்விதையை வாயிலிட்டுத் தண்ணீர் குடிப்பது தவிர்க்கத்தக்கது. அமெரிக்காவில் அவ்வாறு செய்த ஒருவரின் உணவுக்குழாயில் விதைகள் உப்பி அடைத்துக்கொண்ட செய்தி 2014-இல் மருத்துவர் மாநாடொன்றில் பேசப்பட்டது.

ஊட்டச்சத்தைப் பொறுத்தவரை, 100 கிராம் சியாவில் நார்ச்சத்து ஏறத்தாழ 34 கிராமும் புரதம் 17 கிராமும் உண்டு. ஒமேகா-3 வகைக் கொழுப்பும் மிகுதி, எனினும் உடல் அதில் சிறு பங்கையே மீனில் கிடைக்கும் வகையாக மாற்றிக்கொள்கிறது. ஆனால் இக்கணக்குகள் அனைத்தும் விதை தாம்பரத்து வீட்டுக்குள் நுழையும் வரையே செல்லும். முதல் நாள் குடுவையைத் திறந்து பார்த்த கட்டுரையாசிரியரின் தாயார், “ஏம்ப்பா, ஜவ்வரிசியைக் கரியில புரட்டி எடுத்த மாதிரி இருக்கே” என்று கூறியதோடு நில்லாமல், பிள்ளை வெறும் வயிற்றோடு வேலைக்குப் போவதைப் பொறாதவராய், இரண்டாம் நாள் நீலப் பாக்கெட் ஆவின் பாலுக்குப் பதிலாக ஆறு விழுக்காடு கொழுப்புள்ள ஆரஞ்சுப் பாக்கெட்டை இட்டார். மூன்றாம் நாள் சர்க்கரைக்கு மாற்றாகக் கருப்பட்டிப் பாகு சேர்ந்தது. கருப்பட்டியும் சர்க்கரையே என்ற கருத்து அவ்வீட்டில் இன்றுவரை ஏற்கப்படவில்லை. நான்காம் நாள் ஏலக்காய். ஐந்தாம் நாள் நெய்யில் வறுத்த முந்திரி. வெள்ளிக்கிழமையன்று அது பூசை அறையில் நைவேத்தியமாக வைக்கப்பட்டபோது, புட்டிங் என்ற பெயர் அதனிடமிருந்து முற்றாக விடைபெற்றிருந்தது.

இப்பண்டத்தின் மெய்யான சிறப்பு விதைக்குள் இல்லை என்பதே கட்டுரையாசிரியரின் துணிபு. 1931-இல் கடற்கரை–தாம்பரம் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது முதல், இப்பகுதியின் காலை உணவைப் பசி தீர்மானிப்பதில்லை. கால அட்டவணையே தீர்மானிக்கிறது. ரயிலைப் பிடிப்பவர் ஏழு மணிக்குக் கிளம்ப வேண்டுமெனில் இட்லிப் பானை ஆறு மணிக்கு அடுப்பேற வேண்டும். அதற்கு வீட்டில் ஒருவர் ஐந்து மணிக்கு எழ வேண்டும். அந்த ஒருவர் யார் என்பது எல்லா வீடுகளிலும் முன்பே முடிவாகியிருக்கும். இரவே ஊறிவிடும் உணவு அவருக்கு ஒரு மணி நேர உறக்கத்தைத் தருகிறது. எந்த ஒமேகாவும் இதற்கு ஈடாகாது. கட்டுரையாசிரியரின் துணைவியார் இவ்வுறக்கத்தைச் சரியாக நான்கு நாட்கள் அனுபவித்தார். ஐந்தாம் நாள், புட்டிங் உண்டு ரயிலேறியவர் பத்து மணிக்கெல்லாம் அலுவலகத்துக்கு எதிரேயுள்ள உணவகத்தில் பொங்கலும் வடையும் சாப்பிட்ட செய்தி, சட்டைப்பையிலிருந்த ரசீது வாயிலாக வெளிப்பட்டது. இட்லிப் பானை மீண்டும் ஆறு மணிக்கு அடுப்பேறியது.

எஞ்சிய அரைப் பாக்கெட் விதை அஞ்சறைப்பெட்டிக்குப் பின்னால் புரட்டாசி வரை கிடந்தது. நவராத்திரிக் கொலுவில் பூங்கா அமைப்பதற்குக் கடுகும் கேழ்வரகும் தெளிப்பது வழக்கமாயினும், அவ்வாண்டு தாயார் சோதனையாக மண்மலையின் சரிவில் சியாவைத் தூவி நீர் தெளித்துவந்தார். விதை தன் பசையாலேயே சரிவில் ஒட்டிக்கொண்டு, உருளாமல் சிந்தாமல் முளைத்து, சில நாட்களில் மலை முழுவதும் பசேலெனப் போர்த்தது. 1980-களில் அமெரிக்கர்கள் இதே விதையைச் சுடுமண் ஆட்டுப் பொம்மைகளின் மேல் தடவி, முளையை ரோமமாக வளர்த்து மகிழ்ந்தனர் என்பதையும், அந்நாட்டில் பலர் சியாவை முதலில் அறிந்தது உணவாக அன்று, பொம்மையின் முடியாகத்தான் என்பதையும் கட்டுரையாசிரியர் எடுத்துரைத்தபோது, தாயார் வியப்பேதும் காட்டவில்லை. அடுத்த ஆண்டுக்கும் இதே விதை வேண்டுமென்று கூறி, பாக்கெட்டின் வாயை ரப்பர் பேண்டால் கட்டி, செட்டியார் பொம்மைக்குப் பக்கத்தில் வைத்துப் பெட்டியை மூடிப் பரணில் ஏற்றிவிட்டார்.